ஹேண்டில்பாரில் ஒரு குருவி

அரசு முத்திரை போட்ட அந்தக் கடிதத்தை ஆர்டித் சைஸ்மோர் அடுப்படியில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். சட்டியில் பயறு பாதி வேக்காட்டில் நின்றுபோயிற்று.

இந்த வருஷம் வேகத்துக்காக இரண்டு முறை பிடிபட்டாயிற்று. மூன்றாவது முறையும் பிடிபட்டால் தொண்ணூறு நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

தொண்ணூறு நாள்! எழுதியவருக்கு அது ஓர் எண். ஆர்டித்துக்கு? அவள் கணவன் ஹோபர்ட் சார்ல்ஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் விழுங்கிய நிலக்கரித் தூசு அவன் நுரையீரலில் கல்லாக உறைந்திருந்தது. "மரத்துல இலை பழுக்கிற வரைக்கும் தாங்கிட்டார்னா அப்புறம் நம்பிக்கையாப் பேசலாம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ஜூன் மாதம். இலை பழுக்க இன்னும் தொண்ணூறு நாள்தான் இருந்தது.

வீடு புளூஃபீல்டில். அந்த ஊரை இரண்டு மாநிலங்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ஆர்டித் தூங்குவது வர்ஜீனியாவில். வேலை பார்ப்பது மூன்று மைல் தள்ளி மேற்கு வர்ஜீனியாவில், மோட்டார் காயில் கட்டும் பட்டறையில். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். அங்கிருந்து அதே மாநிலத்துக்குள் ஆஸ்பத்திரி நூறு மைல். ஐந்து மணி அடித்தால் வார்டில் ஒருவரையும் இருக்க விடமாட்டார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓட்டினால் கணவனோடு ஒன்றேகால் மணி நேரம். கொஞ்சம் முறுக்கினால் இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இரண்டு அபராதச் சீட்டும் விழுந்திருந்தன.

பிக்கப் வண்டியின் எஞ்சின் வசந்த காலத்திலேயே இறுகிப்போய்விட்டது. மிச்சமிருந்தது ஹோபர்ட்டின் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். உரிமமும் போய்விட்டால், இலை பழுக்கும் வரை அந்த மனிதன் வாசலைப் பார்த்தபடி தனியாகக் கிடக்க வேண்டும். இலை பழுக்கும்போது அங்கே யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள்?

ஆர்டித் அழவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வயதில் சுரங்க எலெக்ட்ரீஷியனாகக் கீழே இறங்கியவள். பொம்பளை கால் வைத்தால் கூரை இடியும் என்று சொல்லி முதல் நாள் இரண்டு பேர் வேலையை விட்டு எழுந்து போனார்கள். ஒரு வருஷம் கழித்து, தண்ணீரில் கிடந்த கேபிள் வெடித்து இயந்திரம் நின்றபோது அதே இரண்டு பேர்தான், "ஆர்டித்தைக் கூப்பிடுங்கடா" என்று கத்தினார்கள். பதினேழு வருஷத்தில் அவள் போட்ட ஓர் இணைப்பும் பிரிந்ததில்லை. அதற்குச் சுரங்கம் அவளிடம் வாங்கிக்கொண்டது இடது காதை. வலது காதும் பாதிதான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் நேராகப் போனது வெய்ட்மன் பெய்லியின் கடைக்கு. பைக் சாமான் விற்கும் கடை. வெய்ட்மன் அவளுக்குச் சித்தி மகன், வாய் நீளம்.

"வாக்கா. என்ன, மறுபடியும் செயின் தொங்குதா?"

"போலீஸ் வேகம் பிடிக்கிற ரேடார் இருந்தா முன்னாலயே சொல்லுமே, அந்த டிடெக்டர் வேணும். வண்டியில மாட்ட."

வெய்ட்மன் சிரித்தான். "ஒனக்கு இடி விழுந்தாலே கேக்காது. அது கீச்சு கீச்சுன்னு கத்துறதக் கேட்டு நீ பிரேக் போடப் போறியாக்கும்!"

"கேக்க வேண்டியது ஒன் கவலையில்ல. எடுத்து வைடா."

மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது.

"இது மழைக்குத் தாங்கும். ஆனா கிட்டப் பார்வை. மாமனாரு மாதிரி, ஆளு வாசலுக்கு வந்தப்புறம்தான் யாருன்னு கேக்கும். இது ரெண்டு மைல் தூரத்துல இருக்கிறதையே சொல்லும், ஆனா ஒரு சொட்டு தண்ணி பட்டா செத்துரும். இந்த மூணாவது கலர் கலரா படம் காட்டும். இளவட்டமெல்லாம் இதத்தான் தூக்கிட்டுப் போறானுங்க."

ஆர்டித் மூன்றாவதை வெளியே எடுத்துப் போய் வெயிலில் பிடித்தாள். திரையில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காதில் மாட்டும் ஒயரைச் செருக ஒரு சின்னத் துளை இருந்தது.

"சத்தம் இந்தத் துளை வழியாத்தானே வெளிய வருது?"

"ஆமா."

"சத்தம் வருதுன்னா கரண்ட் வருது. கரண்ட் வந்தா எனக்கு வெளக்கு எரியும். மழைக்குத் தொப்பி நானே தச்சுக்குவேன். இதக் கட்டு."

வெய்ட்மன் பெட்டியைக் கட்டினான். பிறகு அவள் வலது காதுப் பக்கம் குனிந்தான். "அக்கா, ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நம்ம பக்கம் இது குத்தமில்ல. ஒன் வீட்டுப் பக்கம் குத்தம். வர்ஜீனியா எல்லையில சிவப்புக் குருவி போட்ட பலகை வருதில்ல, அதத் தாண்டுறதுக்கு முன்னாடி கழட்டிப் பையில போட்டுரணும். ஒயர்ல தொங்கிட்டிருந்தாலே புடிப்பான்."

"சுரங்கத்துக்குள்ள தீப்பெட்டி கொண்டுபோகாம பதினேழு வருஷம் இருந்தவடா நான். ஒரு பெட்டியக் கழட்ட மறப்பேனா?"

இந்தப் பேச்சை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பெட்டியை ஹேண்டில்பார் நடுவில், வேகமானிக்குப் பின்னால் பொருத்தி, காதொயர்த் துளையிலிருந்து ஒரு சின்ன விளக்குக்கு இணைப்புக் கொடுத்தாள். கண்ணுக்கு நேரே பாந்தமாக உட்கார்ந்தது. ஆனால் பாந்தம் என்ற சொல்லில் ஆர்டித்துக்கு என்றுமே நம்பிக்கை கிடையாது. சோதித்துப் பார்க்காத இணைப்பை நம்பிச் சுரங்கத்தில் ஓர் ஆள் செத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

எதை வைத்துச் சோதிப்பது? போலீஸ்காரரைக் கூப்பிட்டு நிற்கச் சொல்ல முடியுமா? மேற்கு வர்ஜீனியாப் பக்கம் ஊர்க்கோடியில் இருந்த மளிகைக் கடையின் தானாகத் திறக்கும் கதவு நினைவுக்கு வந்தது. ஆள் வருவதை அந்தக் கதவு உணர்வதும் இதே மாதிரி அலையால்தான். பெட்டிக்கு அதுவும் போலீசும் ஒன்றுதான்.

ஞாயிறு காலை, கூட்டம் வராத நேரத்தில், கடை முன்னாலிருந்த பெரிய காலி இடத்தில் வண்டியை அந்தக் கோடியிலிருந்து மெல்ல உருட்டிக்கொண்டு வந்தாள். விளக்கு எரிந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கதவிலிருந்து காலடி வைத்து அளந்தால் முப்பதே அடி. இதற்குக் கதவுக்குள்ளேயே போய்ப் பார்த்திருக்கலாம்!

குனிந்து பார்த்தாள். தப்பு புரிந்தது. வேகமானியின் இரும்பு மூடி பெட்டியின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து கழற்றி, பெட்டியை நாலு விரல் மேலே தூக்கினாள். முன்னால் இருந்த காற்றுத் தடுப்பு பிளாஸ்டிக் என்பதால் அலைக்கு அது இல்லாத மாதிரிதான். மறுபடி கோடிக்குப் போய் உருட்டி வந்தாள். இம்முறை விளக்கு நூற்றுப் பத்து அடியில் எரிந்தது. பெட்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்திருப்பது தெரிந்தது. மட்டப்பலகை வைத்துச் சாலைக்கு இணையாக்கினாள். அதன் பிறகு கதவு இருக்கும் திசைக்குத் திருப்பினாலே போதும், கோடியிலேயே எரிந்தது.

சர்ச்சுக்குப் போகும் உடையில் இரண்டு பெண்கள் பால் வாங்க வந்திருந்தார்கள்.

"என்ன ஆர்டித், கடைக்குக் குறி வைக்கிறியா?"

"ஆமாடி. கேக் அலமாரி எந்தப் பக்கம்னு பாத்துட்டிருக்கேன்."

"ஹோபர்ட் எப்படி இருக்காரு?"

"மூச்சு விட்டுட்டிருக்காரு. அதுக்கு மேல ஆசைப்படல."

ஒயரிங்கை அவள் செய்த விதம் இருக்கிறதே! சாவியைத் திருப்பினால் உயிர், அணைத்தால் உறக்கம். தனி ஃபியூஸ். அதிர்வில் ஈயப் பற்று விரிசல் விடும் என்பதால் ஒவ்வொரு முனையையும் நசுக்கிப் பிடித்து, ரப்பர் உறை போட்டு, டேங்குக்கு அடியில் கொண்டுபோனாள். பெட்டியின் தாங்கிக்கு அடியில் வைத்த மெத்தை சுரங்கத்தில் கரி சுமந்த பெல்ட்டிலிருந்து வெட்டிய துண்டு. விளக்கு மட்டும் இடது கண்ணாடியின் தண்டில், பார்வையின் ஓரத்தில். அதற்குக் கூடாக அமைந்தது ஹோபர்ட்டின் பழைய சுரங்கத் தலைவிளக்கின் மூடி. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம். சிவப்பாக மினுங்கினால் கை தானாகத் தளரும். பெட்டியைக் கழற்றுவதும் அப்படித்தான்: கையுறையோடு, ஒரு கையால், ஒரு திருகு.

எல்லாவற்றையும் ஹோபர்ட் தலையணையில் சாய்ந்தபடி கேட்டான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்க வேண்டும்.

"அந்தக் காலத்துல... எங்க தாத்தா... கேனரிக் குருவி கொண்டுபோவாரு. கூண்டுல. வெஷக்காத்து வந்தா... அது முதல்ல சொல்லிரும்."

"தெரியும்."

"நீயும் ஒரு குருவி... வாங்கிட்ட."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் குருவி. அவள் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான்: "குருவி இன்னிக்கு... என்ன பாட்டு பாடிச்சு?"

அவளும் சொல்வாள். மலைச் சரிவில் புதருக்குப் பின்னால் நின்ற போலீஸ் வண்டியை முக்கால் மைல் முன்னாலேயே சொன்னது. வழியில் பெக்லி ஊரில் மருந்துக் கடைக் கதவைப் பார்த்துப் பொய்யாகக் கூவியது. இடியும் மழையுமாக அடித்த நாளில் அவள் தைத்த ரப்பர் தொப்பிக்குள் சொட்டு நனையாமல் உட்கார்ந்திருந்தது. கேட்கக் கேட்க அவன் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறும். பிறகு சொல்வான்: "பத்து நிமிஷத்துக்காக... பறக்காத புள்ள. நான் எங்கயும்... ஓடிரல."

பேசி முடித்து அவன் வாயைத் துடைத்துவிட்டு, பட்டறை வாசலில் வாங்கிய, காரமான இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைப் பிய்த்துத் தருவாள். ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து நிற்பாள். இப்படியே ஜூலை போயிற்று.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் போனபோது ஹோபர்ட்டின் முகத்தில் குழாய் இல்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய ஒரு கவசம் இருந்தது. பேச முடியாது. குருவியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தான். "இந்த ராத்திரி தாண்டணும்மா. நாளைக்குக் காலையில போன் பண்றோம்" என்றார் டாக்டர். ஐந்து மணி ஆனது. இரக்கமுள்ள அந்த நர்ஸ் ஐந்தேகால் வரை வாசலுக்கே வரவில்லை.

அந்த நூறு மைலை எப்படிக் கடந்தாள் என்று ஆர்டித்தைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. லாரிகள் அவளைத் தாண்டிப் போயின. மினிவேன்கள் தாண்டிப் போயின. மலைகளுக்கு மேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. சிவப்புக் குருவி போட்ட பலகையையும் அவள் தாண்டினாள். அதைப் பார்த்தாள்; பார்த்தது மனதுக்குள் போகவில்லை.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியவர் இடது கையைத் தூக்கித் தன் ஹெல்மெட்டின் உச்சியில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். வண்டிக்காரர்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்: முன்னால் போலீஸ் நிற்கிறது. ஆர்டித் வேகமானியைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து மைல் போகலாம் என்ற சாலையில் நாற்பத்தெட்டு. எனக்கென்ன பயம் என்று நன்றிக்குக் கை அசைத்துவிட்டு அப்படியே போனாள்.

வளைவு திரும்பியதும் பின்னால் நீல விளக்குகள் சுழன்றன.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியபோதுதான் கண்ணெதிரே அது தெரிந்தது. தாங்கியில், ஒயரோடு, உயிரோடு, குருவி! இடது கண்ணாடியில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை நேரமாகவோ! தீப்பெட்டியை மறந்தறியாத ஆர்டித் இதை மறந்துவிட்டாள்.  மூன்றாவது சீட்டு. தொண்ணூறு நாள். நாளைக் காலை போன் வந்தால் எதில் போவது?

போலீஸ்காரர் மெல்ல நடந்து வந்தார். ஷ்ரேடர் என்று சட்டையில் பெயர் இருந்தது. நடு வயது.

"வண்டிய ஆஃப் பண்ணுங்கம்மா. ஏன் நிறுத்தினேன்னு தெரியுதா?"

அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, குருவியைச் சுட்டிக் காட்டினாள்.

"எங்க வண்டியிலயும் ஒரு பெட்டி இருக்கு. இந்த மாதிரிப் பெட்டி எங்க இருக்குன்னு அது சொல்லிரும்." அவர் குனிந்து தாங்கியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், ரப்பர் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். "இத மாட்டிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"நீங்களா?" கொஞ்சம் நிமிர்ந்தார். "சரி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இதை மாட்டுறவங்க பறக்கிறதுக்குத்தான் மாட்டுவாங்க. நீங்க நாப்பத்தெட்டுல போயிட்டிருக்கீங்க. பின்னால ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டு வந்தான்."

"போகும்போது பறப்பேன் ஐயா. எம் புருஷன் சார்ல்ஸ்டன்ல ஆஸ்பத்திரியில இருக்காரு. திரும்பி வரும்போது..." அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "திரும்பி வரும்போது வீட்டுல யாரு இருக்கா? எதுக்காக அவசரப்படணும்?"

 ஷ்ரேடர் உரிமத்தை வாங்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். அவர் எழுதி முடிக்கும் வரை ஆர்டித் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். 

"இந்தாங்கம்மா. சட்டம் சட்டம்தான், எழுதாம விட முடியாது. அபராதம் கட்டணும்."

"என் லைசென்சு...?"

"என்ன?"

"ரெண்டு சீட்டு இருக்கு. மூணாவது விழுந்தா..."

"அது வேகத்துக்கு." அவள் முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இதுக்கு லைசென்சுல குத்தப் புள்ளி ஏறாது. பணம் கட்டினாப் போதும். நாளைக்கும் நீங்க ஓட்டலாம். பெட்டியக் கழட்டிப் பையில வச்சுட்டுப் போங்க."

நாளைக்கும் ஓட்டலாம்! அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. லெட்டர் வந்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அத்தனையும் அந்தச் சாலை ஓரத்தில் கொட்டியது. ஷ்ரேடர் சங்கடப்பட்டு, தன் வண்டியிலிருந்து பர்கர் கடைக் காகிதக் கைக்குட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் போன் வந்தது. ஹோபர்ட் இரவைத் தாண்டியிருந்தான்.

கவசத்தை எடுத்து மறுபடி குழாய் வைத்த அன்று ஆர்டித் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கையில் கட்டில் குலுங்கியது. பயந்துபோய்ப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இருமலும் சிரிப்புமாக, கண்ணில் நீர் வழிய, மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"நாப்பத்தெட்டுல போய்... போலீசு கிட்ட மாட்டின ஒரே ஆளு... நீதான்டி."

"சிரிக்காதீங்க. எவன் ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல வீட்டக் கட்டச் சொன்னது?"

"ஒங்கப்பன்தான்... எடம் குடுத்தான்."

சிரிப்பு அடங்கியதும் அவன் பக்கத்து இழுப்பறையைக் காட்டினான். அதில் அவன் கைக்கடிகாரத்தோடு ஒரு பித்தளை வில்லை கிடந்தது. 214 என்று வெட்டிய எண். சுரங்க வாசலில் ஒரு பலகை இருக்கும். இறங்கும் முன் ஒவ்வொருவரும் தன் வில்லையை அதில் மாட்ட வேண்டும். மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு வில்லை பலகையில் தொங்கினால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

"கீழ வண்டிய நிறுத்துறப்பவே... குருவியக் கழட்டு. இங்க கொண்டுவந்து... என் கையில காட்டு. காட்டினாத்தான்... இத ஒங்கிட்ட குடுப்பேன். குருவி இருந்த எடத்துல... இத மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. வரும்போதுதான் ஒனக்கு... அவசரமில்லையே."

ஆர்டித் தாங்கியில் ஒரு சின்னக் கொக்கி வைத்தாள். அன்றிலிருந்து மாலை தவறாமல் அந்தக் கைமாற்றம் நடந்தது. அவள் பெட்டியைக் காட்டுவாள். அவன் அதைத் திருப்பிப் பார்த்து, அதன் மூக்கைத் தட்டி, மேலாளர் மாதிரி தலையசைத்து, வில்லையைத் தருவான். திரும்பும் வழியெல்லாம் அது வெறும் தாங்கியில் தொங்கி ஆடிக்கொண்டே வரும். உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வரும். மறுநாள் சார்ல்ஸ்டனில் வண்டியை நிறுத்தியதும் அதை எடுத்துக்கொண்டுபோய் அவன் உள்ளங்கையில் வைப்பாள்.

மூன்றாவது வேகச் சீட்டு விழவில்லை. பறக்காதே என்று அவன் சொன்னதாலா, குருவியாலா, ஷ்ரேடர் தந்த காகிதக் கைக்குட்டை ஒன்று அவள் கோட்டுப் பையிலேயே கிடந்ததாலா, யாருக்குத் தெரியும்?

அக்டோபர் முதல் வாரம், கிழக்கு மலை முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்துக் கிடந்த ஒரு பகலில், வெய்ட்மன் தன் வேனில் ஹோபர்ட்டை வீட்டுக்கு அழைத்து வந்தான். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஆர்டித் வந்தாள். ஆக்ஸிஜன் உருளையை வெய்ட்மன் தள்ளிக்கொண்டு வர, ஹோபர்ட் வீட்டுப் படியில் ஏறாமல் ஷெட்டுப் பக்கம் திரும்பினான்.

"எங்க போறீங்க? காத்து சில்லுன்னு இருக்கு, உள்ள வாங்க."

"இரு புள்ள."

வண்டியின் முன்னால் நின்று மூச்சு வாங்கினான். ஒயரை, மெத்தையை, கண்ணாடித் தண்டில் இருந்த தன் பழைய விளக்கு மூடியைத் தடவிப் பார்த்தான். இத்தனை நாளும் காதால் மட்டுமே கேட்ட வேலை.

"நல்லா செஞ்சிருக்க" என்றான்.

பிறகு கொக்கியிலிருந்து 214-ஐத் தன் கையால் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.